கல்லூரிப் பந்தாட்டமும் பயிற்றுநர் மரபும்

மாத்தளையையும் கண்டியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன்பின் பதினோராண்டு கழித்து, 1891இல், கண்டி நகரத்துப் பவிலியன் வீதியில் ஒரு சிறு பாடசாலை தோன்றிற்று. தொடங்கிய நாளில் அதற்கு வாய்த்த மாணவர் பதினொருவரே. நிறுவியவர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்னும் பறங்கியப் பெரியார். பின்னாளில் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்றது அப்பாடசாலையே. றகர் என நாம் வழங்கும் பந்தாட்டம் இலங்கைப் பாடசாலைகளுள் முதன்முதலில் கால்கொண்டதும் அங்கேதான், அதே ஆண்டிலேதான். றகர் அணி ஒன்றுக்குப் பதினைந்து பேர் வேண்டும். பதினொரு பிள்ளைகளுடன் பள்ளியைத் திறந்தவர் பதினைவர் ஆட்டத்தை நாடினார் என்றால் அவருடைய நெஞ்சுரத்தை என்னென்பது!

அக்காலத்தில் ஆட்டத்தைக் கற்பித்தல் ஆசிரியத் தொழிலின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. இக்கருத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. றக்பி என்னும் ஊரின் பள்ளியில் 1828 முதல் தலைமையாசிரியராக இருந்த தோமஸ் ஆர்னல்டின் பெயரை இதனோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். உண்மையில் ஆர்னல்ட் விளையாட்டில் அத்துணை அக்கறை காட்டியவரல்லர். அவர்வழி வந்தோரே, மைதானமும் ஒரு வகுப்பறை எனக் கொண்டு அம்மரபை வளர்த்தனர். 1904இல் கண்டித் திரித்துவக் கல்லூரிக்கு அதிபராக வந்த பிரேசர் அக்கருத்தில் ஊறியவர். 1906இல் அவருடைய மாணவரும் பிளேஸின் மாணவரும் போகம்பறை மைதானத்தில் எதிரெதிரே நின்றனர். இலங்கையில் இரு பாடசாலைகள் மோதிய முதல் றகர் ஆட்டம் அது.

இந்நிலை நாளடைவில் மாறிற்று. கொழும்பு றோயல் கல்லூரி அதிபர் பிராட்பி 1945இல் ஒரு கேடயம் வழங்கினார். றோயலும் திரித்துவமும் ஆண்டுதோறும் அதற்காகப் பொருதத் தொடங்கின. கேடயம் வந்தால் கூட்டம் வரும்; கூட்டம் வந்தால் வெற்றி வேண்டுமென்ற வேட்கையும் வரும். வெற்றியைத் தேடித் தருவதற்கென்றே ஒருவரை அமர்த்தும் எண்ணம் அவற்றின் பின்னே வருவது இயல்பன்றோ? ஆசிரியர் நின்ற இடத்தில் பயிற்றுநர் வந்து நிற்பது இவ்வாறுதான்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் ஹரி குறோ பக் என்னும் அமெரிக்கர். அவர் 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியை நிறுவி, விளையாட்டைக் கற்பிப்போர்க்கும் முறையான கல்வி வேண்டுமென்று காட்டினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியுடன் சென்றவரும் அவரே. அவர் பயின்ற ஸ்பிறிங்பீல்ட் கல்லூரியில், அவர் காலத்துக்கு முன்னர், 1890இல் பந்தாட்ட அணியைப் பயிற்றுவித்தவர் ஏமொஸ் அலன்சோ ஸ்டாக். இந்த ஸ்டாக் பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நாற்பத்தொரு பருவங்கள் பயிற்றுநராக இருந்தார். எழுபது வயதாயிற்றென்று அங்கே விடைகொடுத்தனர். அவர் ஓயவில்லை, 1933இல் பசிபிக் கல்லூரி என்னும் சிறு கல்லூரிக்குச் சென்று மேலும் பதினான்கு பருவங்கள் பணியாற்றினார்.

அமெரிக்கர் ஆடும் பந்தாட்டம் றகரிலிருந்து கிளைத்ததாயினும் வேறானது. பக்கத்துக்குப் பதினொருவர், தலைக்கவசமும் தோட்கவசமும் அணிவர், பந்தை முன்னோக்கி எறியலாம். அந்நாட்டுச் சிறு கல்லூரிகளின் பயிற்றுநர் வரலாற்றில் வியப்புக்குரியது மினசோட்டா மாநிலத்துச் சென் ஜோன்ஸ் கல்லூரியின் கதை. பெனடிக்ற் சபைத் துறவியர் நிறுவியது அது. 1950 முதல் மூன்று பருவங்கள் அங்கே பயிற்றுநராக இருந்தவர், அக்கல்லூரியிலேயே பயின்று தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் ஈட்டிய ஜோன் மக்நாலி. அவருக்குப் பின் 1953இல் வந்தவர் ஜோன் கலார்டி. இவர் பதினாறாம் வயதிலேயே பயிற்றுநரானவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தம் உயர்பள்ளியின் பயிற்றுநர் படைக்கு அழைக்கப்பட, மாணவனாயிருந்த இவரே அணியைப் பொறுப்பேற்றார்.

பயிற்றுநன் எவ்வெவற்றை வெறுத்தான் என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளையைக் காட்டிலும் அறிந்தவர் யார்? கலார்டியின் முறை பெரும்பாலும் ‘வேண்டா’ என்னும் சொல்லால் அமைந்தது. பயிற்சியில் ஊதுகுழல் வேண்டா. பயிற்சியின்போது ஒருவரையொருவர் வீழ்த்துதல் வேண்டா. தம்மைப் பயிற்றுநர் என அழைத்தலும் வேண்டா, ஜோன் என்றழைத்தால் போதும். இளம் உடல்கள் பயிற்சியிலேயே முறிவதை அவர் வீண் எனக் கருதினார். மென்மை தோல்வியைத் தருமென்று எண்ணுவோர் அவருடைய கணக்கைப் பார்த்தல் நன்று. சென் ஜோன்ஸில் அறுபது பருவங்கள் இருந்து, முன்னிருந்த கறொல் கல்லூரியையும் சேர்த்து, அவர் பெற்ற வெற்றிகள் 489. அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தில் வேறெப் பயிற்றுநரும் அத்தனை வெற்றி பெற்றதில்லை. 1963, 1965, 1976, 2003 ஆகிய நான்கு ஆண்டுகளில் தேசிய வாகையும் அச்சிறு கல்லூரிக்குக் கிட்டிற்று.

தலைமுறைகள் பல கடந்தும் தொழில்முறைக் குழுக்களின் பெரும்பொருளை நாடாது அங்கேயே இருந்துவிட்ட அவர், 2012ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் விலகினார், 2018இல் காலமானார். வெளியூரிலிருந்து பெயர்பெற்ற ஒருவரை வரவழைக்கக் கல்லூரி முனையவில்லை. அவரிடம் நெடுங்காலம் துணைப் பயிற்றுநராக இருந்த காரி பாஷிங் 2013இல் அப்பொறுப்பை ஏற்றார்.