காவலூர்க் கண்ணும் ரேஷன் கடைக் கண்ணாடியும்

1977 மார்ச் 10 இரவில் யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கப் போகிறது என்று வானியலாளர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி இருக்கும் காவலூரில், 102 செ.மீ. தொலைநோக்கி அந்த விண்மீனை நோக்கி நின்றது. கோள் மறைக்கும் நேரத்துக்கு முன்பே விண்மீனின் வெளிச்சம் சில நொடிகள் மங்கி, மறுபடி பழைய நிலைக்கு வந்தது.

அந்தச் சிறு சரிவை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று முதலில் எடுத்துக்கொண்டார்கள். காவலூரில் அதைப் பதிவுசெய்த ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அப்படித்தான் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே ஒரு விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்துகொண்டிருந்த வானியலாளர் ஜேம்ஸ் எலியட் குழுவின் பதிவில், கோளுக்கு முன்னால் ஐந்து சரிவுகள், பின்னால் ஐந்து சரிவுகள் விழுந்திருந்தன. கோளின் இரு பக்கமும் ஒரே தூரத்தில் ஒளியை மறைக்க வளையங்களால்தான் முடியும். பட்டாச்சார்யாவும் வானியலாளர் வைணு பாப்புவும் காவலூர்ப் பதிவை மீண்டும் படித்தார்கள். அதே ஆண்டில், யுரேனஸைச் சுற்றி வளையத் தொகுதி இருப்பதாகக் கட்டுரை எழுதினார்கள். பதிவு மாறவில்லை, படித்த விதம் மாறியது.

கணினிப் பாடப் புத்தகத்தில் விசைப்பலகை, சுட்டி, வருடி என்று உள்ளீட்டுக் கருவிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கும். திரை, அச்சுப்பொறி, ஒலிபெருக்கி என்று வெளியீட்டுக் கருவிகளுக்கு இன்னொரு பட்டியல். மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். கருவி உள்ளே கொண்டுவருவது உலகின் ஒரு துளியைத்தான். அந்தத் துளி எங்கே சிதைகிறது, யார் அதைப் படிக்கிறார்கள் என்ற கேள்வி பட்டியலில் வருவதில்லை. ஜவ்வாது மலையில் அந்தக் கேள்வியை அருகிலிருந்தே பார்க்கலாம்.

காவலூர் வான்காணகம் 1968-இல் கொடைக்கானலில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கியது. கணினிச் சுட்டியை டக்ளஸ் எங்கெல்பார்ட் அமெரிக்காவில் பொதுமேடையில் இயக்கிக் காட்டியதும் அதே ஆண்டின் டிசம்பரில்தான். அந்தக் காலத்தில் தொலைநோக்கியின் உள்ளீட்டுக் கருவி பெரும்பாலும் ஒளிப்படத் தகடு. அதன் மேல் விழும் ஒளித்துகள்களில் நூற்றுக்கு ஓரிரண்டே தடயம் விடும், மற்றவை வீண். ஆனாலும் அந்தத் தகடுகள் சாதித்தது கொஞ்சமல்ல. 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் காவலூரின் ஷ்மிட் தொலைநோக்கியில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். சென்னை வான்காணகத்தில் போக்சன் 1885-இல் தம் கடைசிச் சிறுகோளைக் கண்டபின், இந்தியாவிலிருந்து இப்படி ஒன்று கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

தகட்டின் இடத்தைப் பிடித்தது சிசிடி என்னும் சிலிக்கன் சில்லு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் இதற்கு வித்திட்டார்கள். 2009-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சில்லின் மேல் கட்டம் கட்டமாக இலட்சக்கணக்கான நுண்குழிகள். ஒளித்துகள் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு அந்தக் குழியில் தங்கும். படம் எடுத்து முடிந்ததும், கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவது போல, ஒவ்வொரு குழியும் தன் சுமையை அடுத்த குழிக்குத் தள்ளும். வரிசையின் கடைசியில் நிற்கும் மின்சுற்று அதை அளந்து எண்ணாக்கும். கணினிக்குள் நுழைவது அந்த எண்கள்தான். நல்ல சில்லு, விழும் ஒளித்துகள்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிடித்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. சில்லின் சொந்தச் சூடே எலெக்ட்ரான்களை விடுவிக்கும். இருட்டறையில் மூடி வைத்தாலும் அது வெளிச்சம் கண்டதாகச் சொல்லும். அதனால் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள். அதோடு விடுவதில்லை. மூடியைத் திறக்காமலே ஒரு படம் எடுத்து, கருவி தானாகச் சேர்க்கும் பொய் வெளிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்திவானத்தையோ, சீராக விளக்கடித்த திரையையோ படமெடுத்து, எந்தக் குழி கூடுதலாகக் காட்டுகிறது, எது குறைவாகக் காட்டுகிறது, கண்ணாடியில் தூசி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். இந்தக் குறைகளைக் கழித்த பிறகே விண்மீனைப் பற்றிப் பேச்சு. முதலில் ஐயப்பட வேண்டியது கருவியைத்தான் என்பது உலகெங்கும் வானியலாளர்களின் அன்றாட வழக்கம். இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

நம் மேசைக்கு வந்திருக்கும் கருவிகள் பலவும் இதே குடும்பம். வருடிகள் பலவற்றில் இருப்பது வரிசையாக அமைந்த சிசிடி. ஒளிச்சுட்டியின் அடியில் இருக்கும் சிறு கேமரா, மேசைப்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டுக் கை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கண்டுகொள்கிறது. கைப்பேசியில் இப்போது இருப்பது சீமாஸ் வகைச் சில்லு. ஒளியை எலெக்ட்ரானாக்கும் அடிப்படை மாறவில்லை.

அதே அடிப்படை, ஜவ்வாது மலையின் ரேஷன் கடைகளிலும் வேலை செய்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபர் முதல் விரல் வைத்துப் பொருள் வாங்கும் முறை நடப்பில் இருக்கிறது. மேசைக் கைரேகைக் கருவிகள் பெரும்பாலானவற்றில் நடப்பது இது: கண்ணாடிப் பட்டகத்தின் அடியிலிருந்து ஒளி பாய்கிறது. விரலின் மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி சிதறிக் கருப்பாகிறது. பள்ளங்களில் காற்று இருப்பதால் ஒளி முழுதாகத் திரும்பி வெளுப்பாகத் தெரிகிறது. கீழே இருக்கும் சில்லு அந்தக் கருப்பு வெள்ளைக் கோலத்தைப் படமெடுக்கிறது.

சாமைக் காட்டில் களையெடுத்து, விறகு சுமந்து தேய்ந்த விரலில் மேடும் பள்ளமும் ஏறக்குறைய சமம். வயதானால் தோல் உலர்ந்துவிடும். உலர்ந்த மேடு கண்ணாடியை ஒட்டிப் பிடிக்காது, அங்கே ஒளி சிதறாமல் திரும்பிவிடும். கோலம் துண்டு துண்டாக உடைகிறது. 'ரேகை விழல, கையைத் துடைச்சிட்டு வைங்க' என்று கடைக்காரர் சொல்கிறார். மறுபடியும் விழுவதில்லை. பாட்டி தன் விரலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். கருவியைச் சந்தேகிக்க யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

எத்தனையோ கோடி கிலோமீட்டர் கடந்து வரும் ஒளியை அலசிப் பார்க்கும் மலையில், உழைத்த விரல் ஒன்றைக் கருவி படிக்காமல் போவதைக் சிறிய குறையாக என்னால் எண்ண முடியவில்லை. இதற்கு வழிகள் இருக்கின்றன. ஆதாரில் பத்து விரல்களும் இரண்டு கருவிழிகளும் பதிவாகியுள்ளன. ஒரு விரல் விழாவிட்டால் மற்றவற்றை வைத்துப் பார்க்கலாம். கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்து, விரலில் சற்றே ஈரம் படச் செய்தால் பல நேரம் ரேகை தெரியும். கருவிழி, களையெடுப்பதால் தேய்வதில்லை. அகச்சிவப்பு ஒளியில் அதைப் படமெடுக்கும் கருவிகள் கடைகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. கடைக்கு வர இயலாத முதியோர், தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கப் படிவமும் உண்டு.

கடைசியில் கையில் கிடைப்பது ரசீது. அதை அச்சிடும் கருவியில் மை கிடையாது. காகிதத்தில் பூசிய வேதிப்பொருள் சூடுபட்டுக் கருக்கிறது. வெயிலிலும் எண்ணெய்க் கையிலும் அது சில மாதங்களில் வெளுத்துவிடும், மீண்டும் படிக்க எதுவும் மிஞ்சாது. காவலூர்ப் பதிவை மீண்டும் படிக்க முடிந்ததால்தான் துணைக்கோள் வளையமாயிற்று. கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படத் தகடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் பாதுகாத்து வைத்து, சிசிடி கேமராவால் எண்வடிவாக்கியதால்தான் ஒரு நூற்றாண்டுச் சூரியப் புள்ளிகளை இன்று ஆராய முடிகிறது.

அதேபோல ரேஷன் கடையிலும், ரேகை விழாத ஒவ்வொரு முயற்சியும் எந்தக் கருவியில், எந்த விரலில், எந்த நாளில் என்று பதிவாகி, மாதந்தோறும் கடைவாரியாக வெளியானால், பழுதான கண்ணாடி எது, கருவிழிக் கருவி முதலில் போக வேண்டிய மலைக் கிராமம் எது என்று வட்ட வழங்கல் அலுவலகம் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.