ஒரே கரு, இரண்டு பேர்

இரட்டை வாழைப்பழத்தைப் பெண்களுக்குக் கொடுக்கத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சாப்பிட்டால் இரட்டைப் பிள்ளை பிறக்குமாம். பழத்துக்கும் பிள்ளைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் "அவங்க வம்சத்திலேயே இரட்டை உண்டு" என்பார்களே, அதில் உண்மை இருக்கிறது. அது பெரும்பாலும் இரு கரு இரட்டையருக்குத்தான் பொருந்தும்.

வழக்கமாக மாதத்துக்கு ஒரு கருமுட்டைதான் வெளிப்படும். சில பெண்களுக்கு இரண்டு வெளிப்பட்டு, தனித்தனி விந்தணுக்களோடு சேர்ந்து இரண்டு கருவாகும். அப்படிப் பிறப்பவர்கள் மரபணுக் கணக்கில் சாதாரண அண்ணன் தங்கை போலத்தான். ஒரே சமயத்தில் கருவறையைப் பகிர்ந்துகொண்டவர்கள், அவ்வளவே. கருமுட்டையை முதிரவைக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனோடு தொடர்புடைய மரபணு வேறுபாடு ஒன்று இதற்குத் துணைபோகிறது என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். தகப்பனிடம் அது இருந்தாலும், அதனால் அவர் பிள்ளைகளில் இரட்டையர் வரமாட்டார்கள். மகளுக்குப் போய்ச் சேர்ந்தால், பேரப்பிள்ளைகள் இரட்டையராகப் பிறக்கலாம். நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே இந்த வகை இரட்டையர் மிக அதிகம், ஜப்பானில் குறைவு.

ஒரு கரு இரட்டையரின் கதை முற்றிலும் வேறு. உலகில் எங்கே போனாலும் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 4 என்ற கணக்கு அதிகம் மாறுவதில்லை. கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிகிறது. முதல் 3 நாளுக்குள் பிரிந்தால் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி. ஒரு வாரத்தையொட்டிப் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. இன்னும் தள்ளிப்போனால் பனிக்குடமும் ஒன்றே. 13 நாளுக்குப் பிறகென்றால் உடல் ஒட்டிப் பிறக்கும் அபாயம். நஞ்சுக்கொடி இரண்டு இருந்ததால் "இவர்கள் இரு கரு" என்று முடிவுகட்டிவிடும் குடும்பங்கள் உண்டு. அது தவறாகலாம்: ஒரு கரு இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தனித்தனி நஞ்சுக்கொடியோடுதான் வளர்கிறார்கள். டி.என்.ஏ. சோதனைதான் ஐயத்தைத் தீர்க்கும்.

சரி, ஒரே கருவிலிருந்து வந்தவர்கள் அச்சு அசல் ஒன்றுதானா? ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 381 இரட்டையர் இணைகளின் டி.என்.ஏ.வை முழுமையாகப் படித்து 2021-இல் பதில் சொன்னார்கள். கரு உருவான தொடக்க நாட்களிலேயே நேர்ந்த மாற்றங்களில், ஓர் இணைக்கு இடையே சராசரியாக 5.2 வேறுபாடுகள் இருந்தன. அதைவிட வியப்பு, சுமார் 15 சதவீத இணைகளில் கண்டது: அத்தகைய மாற்றங்கள் ஒருவரிடம் ஏராளம், மற்றவரிடம் அறவே இல்லை. கருவின் ஒரே ஓர் உயிரணுவின் வாரிசுகளிலிருந்தே அந்த ஒருவரின் உடல் முழுவதும் உருவாகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்ததற்குக் காரணம், பிரிவு எப்போதும் சரிபாதியாக நடப்பதில்லை என்பதை, வளர்ந்த மனிதர்களின் டி.என்.ஏ.வை வைத்தே காட்டியதுதான்.

ஒரு கரு இரட்டையர் பெண்களாக இருந்தால் இன்னொரு பாகுபாடும் நடக்கிறது. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். தொடக்கத்திலேயே அவற்றில் ஒன்று ஓய்ந்துவிடும். எது ஓயும் என்பது குருட்டு அதிர்ஷ்டம். அம்மாவிடமிருந்து பழுதுள்ள எக்ஸ் வந்திருந்தால், ஒரு சகோதரியிடம் அது அதிகம் ஓய்ந்து அவளுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். மற்றவளிடம் நல்லது ஓய்ந்து, டூஷேன் தசைச்சிதைவு நோய்கூட வரலாம். அப்படி ஒருத்திக்கு மட்டும் நோய் வந்த இணைகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன.

அந்தத் தொடக்க நாட்களின் தடயம் வேறு வகையிலும் உடலில் தங்குகிறது. 2021-இலேயே வெளியான இன்னோர் ஆய்வு, மரபணுக்களின் மேல் ஒட்டும் வேதிக் குறிகளில், ஒரு கரு இரட்டையருக்கே உரிய ஓர் அமைப்பைக் கண்டது. கருவறையிலேயே கூடப்பிறப்பை இழந்து, தனக்கு இரட்டை இருந்ததே தெரியாமல் வளர்ந்தவரைக்கூட இதை வைத்து ஓரளவு அடையாளம் காணலாம் என்கிறார்கள்.