ஆண்டுக்குப் பன்னிரண்டு மர்ம நாவல்கள்

புத்தாண்டு பிறந்ததும் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில், இவ்வாண்டில் இத்தனை நூல்களைப் படித்து முடிப்பேன் என்று எழுதி வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. நண்பர்கள் சேர்ந்து இதையே ஒரு பந்தயமாக நடத்துவதும் உண்டு. அவர்கள் துப்பறியும் நாவல் பிரியர்களாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், "இதைப் படித்தாயா? அதைக் கொடு, இதைத் தருகிறேன்" என்று நூல்கள் கைமாறிக் கொண்டே இருக்கும். அறிவியல் இதழில் மர்ம நாவலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒரு மர்ம நாவல் ஒரு குழந்தையின் உயிரைக் காத்த நிகழ்ச்சியைச் சற்றுப் பின்னர் காண்போம். முதலில் கணக்கு.

ஒரு நாவலுக்கு 240 பக்கங்கள் எனக் கொண்டால் 12 நாவல்களுக்கு 2,880 பக்கங்கள். நாளொன்றுக்கு 8 பக்கங்கள் படித்தால் போதும். நம்மில் பலர் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே இதற்கு மிகுதி. இடர்ப்பாடு பணத்தில்தான். 12 நண்பர்கள் ஆளுக்கொரு நாவல் வாங்கி, மாதந்தோறும் வலப்பக்கத்து நண்பருக்குக் கொடுத்து வந்தால், ஒரு நூலின் விலையில் ஒவ்வொருவரும் 12 நூல்களைப் படித்து விடலாம்.

இந்த வட்ட முறையில் ஒரு குறை உண்டு. எப்போதும் இடப்பக்கத்து நண்பரிடமிருந்தே நூல் வருகிறது. 12 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 66 இணைகள் கிடைக்கும். வட்ட முறையில் அவற்றுள் 12 இணைகளே பேசிக் கொள்கின்றன. நூல் மாற்றுவதன் சுவையே பேச்சில் அல்லவா இருக்கிறது!

இதற்கு விளையாட்டுப் போட்டிகளின் அட்டவணை கை கொடுக்கும். ஒரு நீள மேசையின் இருபுறமும் அறுவர் அறுவராக எதிரெதிரே அமருங்கள். ஒருவர் மட்டும் இடம் மாறாமல் இருக்க, மற்ற 11 பேரும் மாதத்திற்கு ஒரு நாற்காலி வீதம் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரே வந்து அமைபவருடன் சொந்த நூலை மாற்றிக் கொண்டு, அடுத்த கூட்டத்தில் அதைத் திருப்பித் தர வேண்டும். மாதத்திற்கு 6 இணைகள் வீதம் 11 மாதங்களில் 66 இணைகளும் தீர்ந்து விடும். ஒருவரும் ஒருவரை இருமுறை சந்திக்க மாட்டார். தாளில் வரைந்து பாருங்கள், விளங்கும். எஞ்சிய ஒரு மாதத்தில், அதாவது ஜனவரியில், அவரவர் நூலை அவரவர் படித்துக் கொள்ளலாம். (அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல்களும் 66 என்பது தற்செயல்தான்!)

இனி, நூலைப் பரிந்துரைப்பது எப்படி? "அருமை, படி" என்பதில் பயனில்லை. கதையைச் சொன்னாலோ நட்பு முறியும். ஒரு துண்டுச் சீட்டில், கதையில் வரும் ஓர் அறிவியல் செய்தியை மட்டும் கேள்வியாக எழுதி நூலுக்குள் வைத்துத் தருவதே சிறந்தது என்பது என் கருத்து. துப்பறியும் நாவலின் இயல்பே இதற்கு இடம் தருகிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929-இல் மர்மக் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். இதுவரை கண்டுபிடிக்கப்படாத நஞ்சைக் கதையில் புகுத்தக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே நேர்மையான மர்ம நாவலில் வரும் நஞ்சை நாம் சரிபார்க்க முடியும்.

கிறிஸ்டியின் நாவல் ஒன்றையே எடுத்துக் கொள்வோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சுவை கெடும். அதில் நஞ்சு வெளியிலிருந்து வரவில்லை. எட்டிக் கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னின் அக்காலத்தில் மிகச் சிறிய அளவில் வலிமை மருந்தாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அந்த மருந்துப் புட்டியில் ஒரு புரோமைடு உப்பைச் சேர்த்தால் ஸ்டிரிக்னின் புரோமைடு உண்டாகிறது. அதன் கரைதிறன் குறைவு. எனவே அது படிகங்களாகப் பிரிந்து மெல்ல அடியில் படிகிறது. நோயாளி பல நாட்கள் தீங்கின்றி மருந்தைப் பருகுகிறார். கடைசி வேளையில் மொத்த நஞ்சும் வந்து சேருகிறது! "நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்" என்று மருந்துப் புட்டிகளில் அச்சிடப்படுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் பாடநூலில் கிடைக்காது. கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றியவர். அதனால்தான் இத்தனை துல்லியம். பிரிட்டனின் மருந்தியல் இதழே இந்த நாவலைப் பாராட்டியது.

இப்போது அந்தக் குழந்தைக்கு வருவோம். 1977-இல் கத்தார் நாட்டிலிருந்து 19 மாதக் குழந்தை ஒன்று இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்கு அரை மயக்க நிலையில் கொண்டு வரப்பட்டது. என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. குழந்தையின் தலைமுடி உதிரத் தொடங்கியது. அங்கே பணியிலிருந்த செவிலியர் ஒருவர், 1961-இல் வெளிவந்த கிறிஸ்டியின் 'தி பேல் ஹார்ஸ்' நாவலை அப்போது படித்துக் கொண்டிருந்தார். கதையில் வரும் அறிகுறிகள் அப்படியே கட்டிலில் கிடப்பதைக் கண்டு, "இது தாலியமாக இருக்குமோ?" என்று மருத்துவர்களிடம் கேட்டார். சோதித்தபோது குழந்தையின் உடலில் தாலியம் இயல்பைவிடப் பன்மடங்கு இருந்தது. வீட்டில் பூச்சிகளையும் எலிகளையும் ஒழிக்க வைத்திருந்த மருந்திலிருந்து அது வந்திருந்தது. காரணம் தெரிந்ததும் சிகிச்சையளித்தார்கள், குழந்தை பிழைத்தது.

தாலியம் ஏன் இப்படிச் செய்கிறது? தாலியம் அயனியும் பொட்டாசியம் அயனியும் ஒரே மின்னூட்டம் உடையவை. பருமனிலும் ஏறத்தாழ ஒத்தவை. நரம்புகளுக்கும் தசைகளுக்கும் இன்றியமையாத பொட்டாசியம் என்று எண்ணி உடல் இந்த வேடதாரியை உள்ளே விட்டு விடுகிறது. சாயப் பொருளாக நாம் அறிந்த பிரஷ்ய நீலம் இதற்கு மாற்று மருந்து; குடலில் தாலியத்தைப் பற்றிக் கொண்டு வெளியேற்றுகிறது. 1861-இல் வில்லியம் குரூக்ஸ் நிறமாலையில் ஒரு பசுமை வரியைக் கண்டுதான் இத்தனிமத்தை அறிந்தார். பசுந்தளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பெயரையும் வைத்தார். நஞ்சுக்குத் தளிரின் பெயர்!

எல்லா நாவலாசிரியர்களும் கிறிஸ்டி அல்லர். நாவல்களிலும் திரைப்படங்களிலும் மருத்துவர் பிணத்தைத் தொட்டுப் பார்த்து, "இரவு 10.15-க்கும் 10.30-க்கும் இடையே இறந்திருக்கிறார்" என்பார். இயற்பியல் ஆசிரியனுக்கு இங்கே சினம் வரும். நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, ஒரு பொருள் குளிரும் வேகம் அதற்கும் சுற்றுப்புறத்திற்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. ஒரு டம்ளர் காப்பியில் வெப்பமானியை வைத்து, இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரைந்தால் இதைக் காணலாம். 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையுள்ள உடல், 15 டிகிரியிலுள்ள இலண்டன் அறையில் கிடந்தால் வேறுபாடு 22 டிகிரி. 30 டிகிரியிலுள்ள சென்னை அறையில் 7 டிகிரிதான். அங்கே மணிக்கு 1 டிகிரி குறையும் உடல், இங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிகிரியே குறையும். மதுரையின் கோடை நண்பகலில், நிழலிலேயே 37 டிகிரியைத் தாண்டும்போது, பிணம் சில்லிட்டிருந்தது என்று எழுதினால் என்ன சொல்வது? இவற்றோடு ஆடை, உடற்கொழுப்பு, மின்விசிறிக் காற்று எல்லாம் கணக்கில் வரும். மிகச் சாதகமான சூழ்நிலையிலும் இம்மதிப்பீட்டில் இருபுறமும் ஏறத்தாழ 3 மணி நேரம் பிசகலாம். கதையில் இது வெறும் பிழை. நீதிமன்றத்தில், அந்தக் கால் மணி நேரத்தை நம்பினால், குற்றமற்றவர் சிறைக்குப் போகக் கூடும்.

இரத்தக் கறை பற்றிய சீட்டுகளும் சுவையானவை. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் மட்டும் வினைபுரிந்து வீழ்படிவு தரும் ஒரு பொருளைக் கண்டுவிட்டதாக ஹோம்ஸ் துள்ளிக் குதிக்கிறார். மனித இரத்தத்தை விலங்கின் இரத்தத்திலிருந்து பிரித்தறியும் உண்மையான சோதனையை 1901-இல்தான் ஜெர்மானியரான பவுல் உலன்ஹூத் கண்டார். இன்று திரைப்படங்களில் லூமினால் தெளித்ததும் தரை நீலமாக ஒளிர்கிறது. உடனே கொலையாளி பிடிபடுகிறான். சலவைத் தூளால் கழுவிய தரையும் அப்படியே ஒளிரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

தமிழ் நாவல்களை விட்டுவிட வேண்டாம். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும், பொறியாளராக இருந்த சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவருக்கும் தனித்தனிச் சீட்டு எழுதலாம். பக்க எண்ணைக் குறிப்பிட்டு, கேள்வியை மட்டும் எழுதுங்கள். விடையை அடுத்து வாங்குபவர் தேடட்டும். அவர் கண்ட விடையைச் சீட்டின் மறுபுறம் எழுதிய பிறகே நூலைத் திரும்பப் பெறுங்கள். சீட்டில் இடம் தீர்ந்து போனால் இன்னொரு சீட்டை ஒட்டிக் கொள்ளலாம்.