காரின் ரூஃப் துணி ஏன் தொங்குது? பசை மேல பழி போடாதீங்க

(எபிசோடின் பேச்சு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தித் தரப்பட்டுள்ளது.)

நீங்க இதை ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு இருந்தா, ஒரு நிமிஷம் அதைக் கழட்டி காது குஷனைப் பாருங்க. வாங்கி நாலஞ்சு வருஷம் ஆகியிருந்தா, மேல இருக்கிற கறுப்புத் தோல் செதில் செதிலா உரிய ஆரம்பிச்சிருக்கும். இல்லைன்னா இதை யோசிச்சுப் பாருங்க. பீரோவுக்கு அடியில பத்திரமா வச்சிருந்த ஷூவை ஒரு கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போறீங்க, மண்டபத்துப் படியிலயே அடிப்பாகம் பொடிப்பொடியா உதிருது. பலருக்கு நடந்திருக்கும்.

இந்த ரெண்டுக்கும் இன்னைக்கு நாம பேசப்போற விஷயத்துக்கும் காரணம் ஒண்ணுதான். பழைய கார்ல தலைக்கு மேல ஒட்டியிருக்கிற துணி, அதாவது ரூஃப் லைனிங், ஏன் தொங்குது? அதை எப்படி மாத்துறது?

இது ஏன் எனக்கு முக்கியமாச்சுன்னு முதல்ல சொல்லிடறேன்.

சாவியை ஃப்ரிட்ஜ் மேல வச்ச அப்பா

எங்க வீட்டுல 2004 மாடல் செடான் ஒண்ணு இருக்கு. எந்தக் கம்பெனின்னு சொல்லலை, ஏன்னா இந்தப் பிரச்சனை ஒரு கம்பெனியோடது இல்லை. அப்பா வாங்கின முதல் கார். 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்.டி.ஓ ஆபீஸ்ல நின்னு ஆர்.சி.யைப் புதுப்பிச்சு வச்சிருக்கார். இன்ஜின் இன்னும் நல்லா இருக்கு. ஆனா ரெண்டு வருஷமா பின்சீட்டுக்கு மேல துணி பை மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. நாங்க அதைச் சிரிச்சுக்கிட்டே சகிச்சுக்கிட்டோம். அம்மா பின்னாடி ஏறினா கையால அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வருவாங்க.

ஒருநாள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னாடி நின்ன ஒரு குழந்தையோட சைக்கிள் மேல ஏத்திட்டார். சைக்கிள்ல யாரும் இல்லை. ஆனா அப்பா அன்னைக்கு மேல வந்து சாவியை ஃப்ரிட்ஜ் மேல வச்சவர்தான், மூணு வாரம் தொடவே இல்லை. அம்மாவை பிசியோதெரபிக்கு ஆட்டோல கூட்டிட்டுப் போனார். நான் கேட்டப்போ, "எனக்கு வயசாயிடுச்சுடா. கண்ணு முன்ன மாதிரி இல்லை. வித்துடலாம்"னார்.

கண் டாக்டர்கிட்ட போனோம். பவர் மாறலை. அன்னைக்குச் சாயங்காலம் நான் டிரைவர் சீட்டை அவர் உயரத்துக்கு வச்சு, உள்ளே இருக்கிற மிரர்ல பார்த்தேன். பின்கண்ணாடியோட மேல்பாதி தெரியவே இல்லை. முழுக்கத் துணிதான். கோளாறு அவர் கண்ணுல இல்லை, கூரையில.

மூணு அடுக்கு, நடுவுல வில்லன்

அம்பாசடர், பத்மினி மாதிரி பழைய கார்கள்ல கூரைக்குக் குறுக்கே வளைஞ்ச கம்பிகள் போட்டு, அதுல லைனிங்கைக் கோத்து இழுத்துக் கட்டியிருப்பாங்க. அது கிழியும், அழுக்காகும். ஆனா இப்படிப் பை மாதிரி பிரிஞ்சு தொங்காது.

பின்னாடி வந்த கார்கள்ல வேற முறை. கூரை வடிவத்துக்கே அச்சுல அழுத்தி எடுத்த ஒரு போர்டு இருக்கும். தொட்டா கெட்டியான அட்டை மாதிரி இருக்கும். அதுக்குக் கீழே மெல்லிசா ஒரு ஃபோம். அதுக்கும் கீழே நாம பார்க்கிற துணி. கிரீம் பிஸ்கட் மாதிரி நினைச்சுக்கோங்க: போர்டும் துணியும் ரெண்டு பிஸ்கட், ஃபோம் நடுவுல இருக்கிற கிரீம்.

அந்த ஃபோம் பாலியூரித்தேன். ஹெட்ஃபோன் குஷனோட மேல்தோல், பல ஷூக்களோட சோல், எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதுக்கு ரெண்டு எதிரி: சூடும் ஈரமும். காத்துல இருக்கிற ஈரப்பதம் ஃபோமோட மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டும். சூடு ஏற ஏற அந்த வேலை வேகமாகும். வெயில்ல நிறுத்தின காருக்குள்ள 60 டிகிரிக்கு மேல போகலாம், அதுலயும் தகரக் கூரையை ஒட்டி இருக்கிறது இந்த ஃபோம்தான். சென்னையில வெயிலும் உண்டு, கடல் ஈரமும் உண்டு. இதைவிட மோசமான இடம் ஃபோமுக்கு வேணுமா?

அதனால கம்பெனி போட்ட பசை பெரும்பாலும் விட்டுப்போறதில்லை. துணியை உரிச்சுப் பார்த்தா தெரியும், துணியோட பின்பக்கம் கொஞ்சம் ஃபோம், போர்டு மேல கொஞ்சம் ஃபோம். நடுவுல ஃபோமே பொடியாகிப் பிரிஞ்சிருக்கும். நான் இந்த எபிசோட்ல சொல்ல வர்றது இந்த ஒரு விஷயம்தான். இது புரிஞ்சா மத்த எல்லா முடிவும் தானா வந்துடும்.

நான் பண்ணின தப்பு

எனக்கு இது அப்போ தெரியாது. வீடியோ பார்த்துட்டு, சிரிஞ்சுல பசையை ஏத்தி, துணிக்குப் பின்னாடி குத்திக் குத்தி ஒட்டினேன். ஃபர்னிச்சர் வேலைக்குப் போடற சாதா ரப்பர் பசை. ரெண்டு நாள் பிரமாதமா இருந்துச்சு. மூணாவது வாரம், அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சதும், மொத்தமும் கீழே வந்துச்சு. கூடவே பசை ஊறின இடமெல்லாம் பழுப்புக் கறை.

ஏன்னு கேட்டா, மாவு தூவின சப்பாத்திப் பலகையில செல்லோ டேப் ஒட்டிப் பாருங்க. டேப் மாவுலதான் ஒட்டும், பலகையில ஒட்டாது. நான் பண்ணினதும் அதேதான். பொடி மேல பசை. குண்டூசி குத்துறது, பசை ஸ்ப்ரே அடிக்கிறது எல்லாமே இந்த வகைதான். காசு சேரும் வரைக்கும் ஒரு மாசம் ஓட்டணும்னா, திருகிக் குத்துற பின் போட்டுக்கோங்க, தப்பில்லை. அது கட்டு போடற மாதிரிதான், வைத்தியம் இல்லை.

சரியான வழி

போர்டை வெளியே எடுக்கணும். வேற வழி கிடையாது.

தொடங்கும் முன்னாடி ஒரு எச்சரிக்கை. கதவுக்கு நடுவுல இருக்கிற பில்லர் கவர்லயோ கூரை ஓரத்துலயோ "ஏர்பேக்"னு எழுதியிருந்தா, அந்தப் பக்கம் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும். அதை நீங்க தொடாதீங்க, தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விடுங்க. எங்க கார்ல அது இல்லை. இருந்தாலும் கேபின் லைட் ஒயர் இருக்கே, அதனால பேட்டரியோட நெகட்டிவ் முனையைக் கழட்டிட்டுத்தான் ஆரம்பிச்சேன்.

அப்புறம் சன் வைசர், கைப்பிடிகள், கேபின் லைட், பில்லர் கவர், கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங், இதெல்லாம் வரிசையா வரும். ஒவ்வொண்ணையும் கழட்டும் முன்னாடி போன்ல ஒரு படம். ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கவர்ல போட்டு மேல பேர் எழுதினேன். பழைய பிளாஸ்டிக் கிளிப் ரெண்டு உடைஞ்சது. புதுப்பேட்டையில தேடி வாங்கினேன்.

முன்சீட்டைப் பின்னாடி முழுசா சாய்ச்சு, நானும் அப்பாவும் போர்டை முன்கதவு வழியா எடுத்தோம். இதுக்கு ரெண்டு பேர் கட்டாயம். போர்டு ஒருமுறை மடிஞ்சா அந்தக் கோடு போகவே போகாது. சில கார்ல பின்கண்ணாடியைக் கழட்டினாத்தான் போர்டு வெளியே வரும். உங்க கார் அந்த ரகமான்னு முன்னாடியே விசாரிச்சுடுங்க.

மொட்டை மாடியில போர்டைப் போட்டு துணியை உரிச்சோம், அது தானா வந்துடுச்சு. அடுத்து சுரண்டுற வேலை. மொத்த வேலையிலயும் போரான பகுதி இதுதான், முக்கியமான பகுதியும் இதுதான். மாஸ்க், கண்ணாடி போட்டுக்கிட்டு, நைலான் பிரஷ்ஷால தேய்க்கணும். கம்பி பிரஷ் வேண்டாம், போர்டோட நாரைப் பிச்சுடும். ஆரஞ்சு நிறத்துல பொடி கொட்டிக்கிட்டே இருக்கும். உள்ளங்கையைத் தேய்ச்சுப் பார்த்தா பொடி ஒட்டக்கூடாது, அதுவரைக்கும் விடக்கூடாது. எங்களுக்கு ஒரு காலை முழுக்கப் போச்சு.

துணி எடுக்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். கடைக்கார அண்ணன், "தம்பி, வெறும் துணி வாங்காதீங்க, ஃபோம் ஒட்டினதே வாங்குங்க"ன்னார். சரியான பேச்சு. பின்னாடி 3 மில்லிமீட்டர் அளவு ஃபோம் இருந்தாத்தான் போர்டோட மேடு பள்ளம் வெளியே தெரியாது. எங்க போர்டு 2 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 60 இஞ்ச் அகலத்துல 2.5 மீட்டர் எடுத்தேன். வீட்டுல கிடக்கிற ஏதோ ஒரு அழகான துணியை ஒட்டிடலாம்னு தோணும். தோணட்டும், செய்யாதீங்க. கார் உள்ளே போடற துணி எவ்வளவு வேகமா எரியலாம்ங்கிறதுக்கே விதி இருக்கு. அமெரிக்காவில 1972ல இருந்து இருக்கிற விதிப்படி நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல தீ பரவக்கூடாது. கார் லைனிங்குக்குன்னே விக்கிற துணியைக் கேட்டு வாங்குங்க.

பசை, சூடு தாங்குற கான்டாக்ட் பசையா இருக்கணும். "சூட்டுல இளகுமா?"ன்னு கடையில கேளுங்க. இதோட ஆவி எளிதுல தீப்பிடிக்கும், தலையும் சுத்தும். தூசி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. அதனால திறந்தவெளி, பக்கத்துல நெருப்பு கூடாது, சிகரெட்டும் கூடாது.

ஒட்டுற முறை இது. துணியைப் போர்டு மேல பரப்பி, நாலு பக்கமும் ஒரு சாண் மிச்சம் விடுங்க. பாதித் துணியைப் பின்னாடி மடிங்க. போர்டுலயும் ஃபோம்லயும், ரெண்டு பக்கமும் பசை. போர்டு பசையை உறிஞ்சும், அதனால அங்கே ரெண்டு கோட். உடனே ஒட்டாதீங்க. விரலால தொட்டா ஒட்டணும், ஆனா நூல் மாதிரி இழுக்கக்கூடாது. அந்தப் பதத்துல, நடுவுல இருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால மெதுவா தடவிக்கிட்டே போங்க. பள்ளமான இடத்துல முதல்ல துணியை உள்ளே பதிச்சுட்டு அப்புறம் நகருங்க. இழுத்துப் பிடிச்சுப் பாலம் மாதிரி ஒட்டினா, அடுத்த வெயில்ல அங்கேதான் முதல்ல பிரியும். அழுத்தமாவும் தேய்க்கக்கூடாது, பசை ஃபோமைத் தாண்டித் துணிக்கு வந்துடும். அந்தப் பாதி முடிஞ்சதும் மறுபாதி. கடைசியா ஓரத்தைப் பின்னாடி மடிச்சு ஒட்டி, லைட்டுக்கும் கைப்பிடிக்கும் ஓட்டை வெட்டணும். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு மாட்டினோம்.

எனக்கு ஆன செலவு 2,800 ரூபாய், ரெண்டு நாள், ஒரு முதுகுவலி. கடையில 7,000 சொன்னாங்க.

கடையில குடுக்கிறதா இருந்தா

எல்லாருக்கும் மொட்டை மாடியும் லீவும் இருக்காது. குஷன் கடையில குடுங்க, தப்பே இல்லை. ஆனா மூணு கேள்வி கேளுங்க. போர்டை வெளியே எடுத்துப் பண்ணுவீங்களா? பழைய ஃபோமை முழுசா சுரண்டுவீங்களா? புதுத் துணி ஃபோம் ஒட்டினதா? முதல் கேள்விக்கே "அதெல்லாம் தேவையில்லை சார், அப்படியே ஒட்டிடலாம்"னு பதில் வந்தா, நன்றி சொல்லிட்டு வண்டியை எடுங்க.

புதுசும் ஃபோம்தானே, திரும்ப வீணாகாதான்னு கேப்பீங்க. ஆகும். அதுவும் ஒருநாள் பொடியாகும். நிழல்ல நிறுத்துறது, ஈரத்தோட காரை மூடி வைக்காம இருக்கிறது, இதெல்லாம் அந்த நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

வேலை முடிஞ்ச அன்னைக்கு அப்பா டிரைவர் சீட்ல உக்காந்து மிரரைக் கொஞ்ச நேரம் திருப்பிக்கிட்டே இருந்தார். அப்புறம் அதே பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுத்தார். நான் பின்னாடி நின்னு கை காட்டினேன். "நீ தள்ளி நில்லுடா, மறைக்கிற"ன்னார்.

அடுத்த வாரம் அம்மாவை அவரே பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போனார். உங்க வீட்டுலயும் யாராவது "எனக்கு இனி ஓட்ட வராது"ன்னு சாவியை வச்சுட்டா, கண்ணைக் காட்டச் சொல்லுங்க, கட்டாயம். கூடவே ஒருமுறை அவங்க சீட்ல உக்காந்து, அவங்க பார்க்கிற மிரரை நீங்களும் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.