திட்டுறது அப்புறம்; பணம் முதல்ல!

கோடை விடுமுறையில் என் மகன் அவன் அப்பாவின் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று, வங்கிக் கணக்கில் 799 ரூபாய் குறைந்ததாக மெசேஜ்! கார்டு நம்பர் ஏற்கெனவே அதில் பதிவாகியிருக்க, அதே போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு, விளையாட்டில் 'வைரம்' வாங்கியிருக்கிறான். "ஒரு மாசப் பால் காசுடா!" என்று என் கணவர் கையை ஓங்கிவிட்டார்.

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்தான் தடுத்தாள். "அண்ணே, திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம். 48 மணி நேரத்துக்குள்ள கேட்டா பணம் திரும்ப வர வாய்ப்பிருக்கு" என்றவள், கூகுள் பிளே இணையதளத்தில் எங்கள் கணக்கைத் திறந்து, வாங்கிய பட்டியலில் அந்த வைரத்தைக் காட்டி, 'குழந்தை எங்களைக் கேட்காமல் வாங்கியது' என்று எழுதி அனுப்பினாள். ஒரே வாரத்தில் பணம் வந்துவிட்டது!

அவள் சொன்ன மற்ற விஷயங்களும் தோழிகளுக்கு உதவும். 48 மணி நேரம் தாண்டிவிட்டால், விளையாட்டைத் தயாரித்தவர்களிடம்தான் கேட்க வேண்டுமாம். மாதாமாதம் பணம் பிடிக்கும் ஆப்பை போனிலிருந்து அழித்தால் மட்டும் போதாது. சந்தாவையும் ரத்து செய்ய வேண்டும். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது ஓ.டி.பி.யோ, பின் நம்பரோ கேட்டால் மூச்சு விடாதீர்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். நியாயமாக வர வேண்டிய பணத்தைக் கடைக்காரர் தர மறுத்தால், நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பிளே ஸ்டோரில் எது வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி இப்போது மாற்றி வைத்துவிட்டோம். பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும் தோழிகளே, நீங்களும் இன்றே மாற்றிவிடுங்களேன்!

- ஒரு வாசகி, விருதுநகர்.