ஜீப் வண்டியின் செலுத்து தண்டும் மூட்டுக்களும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் கற்பாதைகளிலும், யால வனத்தின் மணற்றடங்களிலும், வன்னியின் சேற்று வழிகளிலும் ஓடுகின்ற ஜீப், லாண்ட் றோவர் முதலிய வண்டிகளின் வலிமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினையும் சில்லுகளையுமே பாராட்டுவர். எஞ்சினில் பிறக்கும் ஆற்றலைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் உறுப்போ வண்டியின் அடியில், எவர் கண்ணிலும் படாமல், சேற்றிலும் நீரிலும் தோய்ந்தவாறு சுழன்றுகொண்டிருக்கின்றது. அதுவே செலுத்து தண்டு. அதன் இரு முனைகளிலும் அமைந்திருப்பவை யுனிவர்சல் மூட்டுக்கள். இவை முறிந்தால் வண்டி நின்றுவிடும் என்பதைச் சாரதிகள் யாவரும் அறிவர். இவ்வகை வண்டிகள் பலவற்றில் கைப்பிறேக்கும் இத்தண்டையே நம்பியிருக்கின்றது என்பதைச் சிலரே அறிவர். சரிவான பாதையில் ஒருவரது உயிர் இந்த அறிவிலே தங்கியிருத்தலும் கூடும்.

மூட்டுக்கள் எதற்காக வேண்டும் என்பதை முதலில் நோக்குவோம். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. சில்லுகளைத் தாங்கும் அச்சோ விற்களின் கீழே தொங்குவது. கல்லில் ஏறும்போது உயரும், பள்ளத்தில் இறங்கும்போது தாழும். ஓரிடத்தில் நிலைத்திருக்கும் பெட்டியையும் ஓயாது ஆடிக்கொண்டிருக்கும் அச்சையும் வளையாத இரும்புத் தண்டொன்றினால் இறுகப் பிணைத்தால், தண்டு முறியும். அல்லது பிணைப்பு உடையும். அச்சு ஏறி இறங்கும்போது தண்டின் சாய்வு மாறுகின்றது. அதன் நீளமும் சற்றுக் கூடிக் குறைய வேண்டியிருக்கின்றது. சாய்வு மாறுவதற்கு இடங்கொடுப்பவை மூட்டுக்கள். நீளம் மாறுவதற்கு இடங்கொடுப்பது, ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும் தவாளிப்பிட்ட பகுதி.

மூட்டின் அமைப்பு மிக எளியது. கவைக்கோலைப் போன்ற இரண்டு கவைகள் ஒன்றையொன்று குறுக்காக நோக்கி நிற்க, அவற்றின் நடுவே சிலுவை வடிவான உருக்குத் துண்டொன்று இருக்கும். சிலுவையின் நான்கு முனைகளில் இரண்டு ஒரு கவையையும், மற்றை இரண்டு அடுத்த கவையையும் தாங்கும். ஒவ்வொரு முனைக்கும் சிறு கிண்ணம் போன்ற மூடி உண்டு. அக்கிண்ணத்தின் உட்புறத்தில் ஊசியளவு மெல்லிய உருளைகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. மனிதனுடைய மணிக்கட்டு மேலும் கீழும், இடமும் வலமும் மடிவதைப்போல இம்மூட்டும் இரு திசைகளிலும் மடிகின்றது. மடிந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்துகின்றது.

இக்கருத்து புதியதன்று. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயரால் ஐரோப்பிய நாடுகளில் இது கார்டான் மூட்டு எனப்படுகின்றது. ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக் 1676ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதனை விளக்கியமையால் ஹூக் மூட்டு என்ற பெயரும் நிலைத்தது. மோட்டார் வண்டிக்கு ஏற்ற முறையில் இதனை அமைத்து 1903ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். அதுவரை பல வண்டிகளில் சங்கிலி செய்துவந்த வேலையைத் தண்டும் மூட்டும் ஏற்றன.

எனினும் இம்மூட்டுக்கு இயல்பான குறையொன்று உண்டு. மூட்டு நேராக நிற்கும்வரை இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலும். சாய்ந்தவுடன் அவ்வொற்றுமை கெடுகின்றது. செலுத்தும் பக்கம் ஒரே சீராகச் சுழன்றாலும், செலுத்தப்படும் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். நிமிடத்துக்கு 1000 சுற்று என்ற வேகத்தில், சாய்வு 10 பாகையானால் மறுபக்கத்தின் வேகம் 985க்கும் 1015க்கும் இடையே ஊசலாடும். சாய்வு 30 பாகையானாலோ அது 866க்கும் 1155க்கும் இடையே அலையும். இத்தகைய அலைவு அச்சின் பற்சக்கரங்களையும் கியர்ப்பெட்டியையும் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

இக்குறைக்குப் பரிகாரம், தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூட்டை வைப்பதாகும். முதல் மூட்டு விளைவித்த ஏற்றத்தாழ்வை இரண்டாவது மூட்டு நேர்மாறாக விளைவித்து நீக்கிவிடுகின்றது. ஆனால் இதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. இரு மூட்டுக்களின் சாய்வும் சமமாயிருத்தல் வேண்டும். நடுத்தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். தவாளிப்புப் பகுதியைக் கழற்றிய ஒருவர் மீண்டும் பூட்டும்போது ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் இரண்டாவது நிபந்தனை தவறிவிடும். புதிய மூட்டு இட்ட பின்பும் வண்டி நடுங்கும். ஆகையால் கழற்றுவதற்கு முன் தண்டின் இரு பகுதிகளிலும், முனைத்தட்டுக்களிலும் அடையாளக் கோடு இடுவது நல்ல தொழிலாளியின் வழக்கம்.

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியில் இம்மூட்டுக்களின் பாடு பெரிது. 1941ஆம் ஆண்டு முதல் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பிலும், 1948ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் லாண்ட் றோவரிலும் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 80 அங்குலமே. எனவே தண்டுகள் குறுகியவை. 48 அங்குலத் தண்டின் ஒரு முனை 3 அங்குலம் உயர்ந்தால் சாய்வு ஏறத்தாழ 3½ பாகை மாறும்; 24 அங்குலத் தண்டிலோ அதே உயர்வு 7 பாகை மாற்றத்தை உண்டாக்கும். விற்களை மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டுவோர், மூட்டுக்களின் சாய்வும் கூடுகின்றது என்பதை மறத்தலாகாது. சுமையும் இவ்வாறே பெருகுகின்றது. வில்லிஸ் ஜீப்பின் முதற்கியர் எஞ்சினின் முறுக்குவிசையை 2.66 மடங்காக்கும், அடுத்துள்ள பெட்டியின் தாழ்நிலைக் கியர் அதனை மேலும் 1.97 மடங்காக்கும். ஆகச் சேற்றில் மெல்ல ஏறும் வண்டியின் தண்டுகளுக்கு வருவது எஞ்சினின் விசையைப்போல ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது. முன்சில்லுகள் பிடிப்பின்றி வழுக்குமாயின் அவ்வளவையும் பின்தண்டே ஏற்கும்.

சாரதியின் பழக்கமும் இங்கே முக்கியமானது. வேண்டும்போது மாத்திரம் நான்கு சில்லுகளையும் இணைக்கும் வண்டிகளில், அவ்விணைப்பைத் தார்வீதியிலும் விடாமல் ஓட்டுவது தவறு. வளைவில் முன்சில்லுகளும் பின்சில்லுகளும் கடக்கும் தூரம் வேறுவேறு. சேற்றிலும் மணலிலும் சில்லு சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்வீதியில் அதற்கு வழியில்லை. தண்டுகள் ஒன்றுக்கெதிராக ஒன்று முறுகும். மூட்டுக்கள் வீணே தேயும்.

மூட்டுக்கள் முன்னறிவிப்பின்றிக் கெடுவது அரிது. முதலில் தோன்றுவது ஒலி. மெதுவாகச் செல்லும்போது தண்டின் சுழற்சிக்கேற்பக் குருவி கீச்சிடுவது போன்ற ஒலி கேட்குமாயின் உள்ளே கிறீஸ் வறண்டது என்பது பொருள். புறப்படும்போதும், முன்னோக்கிய ஓட்டத்தைப் பின்னோக்கி மாற்றும்போதும் ‘டக்’கென்று அடிக்குமாயின் உருளைகள் தேய்ந்து இடைவெளி உண்டாகியிருத்தல் கூடும். வேகத்தோடு கூடும் அதிர்வும், கிண்ணங்களின் ஓரத்தில் காணும் செந்நிறத் துருத்தூளும் மேலும் இரு அடையாளங்கள். ஐயம் தீர, வண்டியை நிறுத்தி, மூட்டின் இரு பக்கக் கவைகளையும் இரு கைகளாற் பற்றி எதிரெதிராகத் திருகிப் பார்க்கலாம். சிலுவைக்கும் கவைக்கும் இடையே கையால் உணரத்தக்க ஆட்டம் இருந்தால் அம்மூட்டை மாற்றவே வேண்டும். கிறீஸ் அதனைக் குணப்படுத்தாது.

கிறீஸ் இடுவதற்குரிய காலத்தை வண்டியின் கைந்நூல் கூறும். ஆற்றையோ வெள்ளத்தையோ கடந்த வண்டிக்கு அக்காலம்வரை காத்திருத்தல் தகாது. நீர் உட்புகுந்தால் கிறீஸ் தன் தன்மை கெட்டு, ஊசி உருளைகளில் துரு ஏறும். முதலில் கிறீஸ் நிப்பிளைத் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். இல்லையேல் மணலையும் சேர்த்தே உட்செலுத்த நேரும். சிலுவையின் நான்கு முனைகளிலும் புதிய கிறீஸ் வெளிப்படும்வரை மெதுவாக அடித்தல் வேண்டும். ஒரு முனையில் மாத்திரம் வராவிட்டால் அங்கே வழி அடைபட்டுள்ளது. முதலில் தேய்வதும் அதுவே. தவாளிப்புப் பகுதிக்கோ அளவோடு இடுதல் வேண்டும். மிகுதியாக அடைத்தால் தண்டு சுருங்க இடமின்றித் தாங்கிகளை அழுத்தும். நிப்பிள் இல்லாத மூடிய மூட்டுக்களும் உண்டு. அவற்றுக்குக் கிறீஸ் இட வழியில்லை. தேய்ந்தபின் மாற்றுவதே முறை.

இனி, உயிரோடு தொடர்புடைய செய்தி. சாதாரண கார்களிற் பெரும்பாலானவற்றில் கைப்பிறேக் பின்சில்லுகளைப் பற்றுகின்றது. வில்லிஸ் ஜீப்பிலும், 2016ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட டிபென்டர் வரையான பழைய வழி லாண்ட் றோவர்களிலும் அது கியர்ப்பெட்டியின் பின்புறத்தில், பின்தண்டு தொடங்கும் இடத்திலேயே பற்றுகின்றது. அங்கிருந்து சில்லுவரை அப்பிடிப்பைக் கொண்டுசெல்வது தண்டே. ஆகவே பின்சில்லுகள் மாத்திரம் இணைந்திருக்கும் வேளையில், பின்தண்டு முறிந்தாலும் அதனைக் கழற்றினாலும், கைப்பிறேக் இழுத்தபடியே இருக்க, வண்டி சரிவில் உருளத் தொடங்கும். அவ்வேளையில் அதன் கீழே படுத்திருப்பவர் அத்தண்டைக் கழற்றிய தொழிலாளியாகவே இருப்பார். ஒரு பின்சில்லை மாத்திரம் ஜாக்கியால் உயர்த்தும்போதும் இதே ஆபத்து உண்டு. உயர்ந்த சில்லு எதிர்த்திசையிற் சுழல, நிலத்திலுள்ள சில்லு உருளும். ஆதலால் இவ்வண்டிகளின் கீழே வேலைசெய்ய முற்படுவோர் சமதரையைத் தேர்ந்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை அணைகொடுத்த பின்னரே தண்டில் கைவைத்தல் வேண்டும். கைப்பிறேக்கை மாத்திரம் நம்புதல் ஒருபோதும் ஆகாது.

மூட்டு மாற்றும் வேலையில் பொறுமையே பெரிது. கிண்ணத்தைக் காக்கும் தடுப்பு வளையங்களை எடுத்து, கவையை மெல்லத் தட்டினால் கிண்ணம் வெளிவரும். புதிய கிண்ணத்தைப் பொருத்தும்போது ஊசி உருளை ஒன்றேனும் சாய்ந்து அடியில் விழுந்திருந்தால் கிண்ணம் இறுதிவரை செல்லாது. வலிந்து அழுத்தினால் மூட்டு அன்றே கெடும். பூட்டி முடித்தபின் மூட்டு கைவிரல்களின் விசைக்கே இரு திசைகளிலும் தாராளமாக மடிதல் வேண்டும். முனைத்தட்டுக்களின் சுரைகளைப் புதியனவாக இட்டு இறுக்கி, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் இறுக்கம் பார்த்தல் நன்று.

நீரையும் சேற்றையும் கடந்துவந்த நாளில் கிறீஸ் இடுவதற்கும், மாதம் ஒருமுறை மூட்டுக்களைத் திருகிப் பார்ப்பதற்கும் செல்வது சில நிமிடங்களே. மலைச்சரிவில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டியின் சாரதி, இதனைத் தன் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகவே கொள்ளுதல் வேண்டும்.