இலையை எடுத்தால் இன்னோர் இலை! தெரியுமா?

சாம்பாருக்கு வெண்டைக்காய் வெட்டினீர்களா? அதன் காம்புப் பக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பெங்களூரு மாடிவீட்டு பால்கனியில் அது ஓவியக் கருவி!

கருவியைவிட அதிசயம் அது பதியும் பலகை. ஜெல் பிளேட் என்ற அந்த மெத்தென்ற பலகை தொட்டால் துள்ளும், அமுக்கினால் குழியும். அக்ரிலிக் பெயின்ட்டை ரோலரால் மெல்லிசாகத் தேய்த்து, மேலே எதை அழுத்தினாலும் அதன் முகம் பதிந்துவிடும். விரல் ரேகைகூட! பழைய சீப்பு, நூல்கண்டு, தேங்காய் நார், பழைய சேலையின் லேஸ், பார்சலில் வந்த குமிழ் பிளாஸ்டிக், காது குடையும் பஞ்சுக்குச்சி எல்லாமே வேலை செய்யும். பஞ்சுக்குச்சியால் பெயின்ட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் புள்ளிக்கோலமே வந்துவிடும். ஊசி, கத்தி மட்டும் வேண்டாம். ஊக்கால் கிழித்த கோடு ஒன்று என் பிளேட்டில் இன்றும் ஒவ்வொரு பிரின்ட்டிலும் ஆஜர்!

இனி உச்சம். புங்க இலையின் நரம்புப் பக்கத்தை பெயின்ட்மேல் கவிழ்த்து, காகிதம் வைத்துத் தேய்த்து எடுங்கள். இலை இருந்த இடம் வெறுமையாக நிற்கும். அவ்வளவுதானா? இலையை உரித்தெடுத்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு காகிதம் வையுங்கள். அடியில் ஒளிந்திருந்த பெயின்ட் நரம்பு நரம்பாக எழுந்து வரும்! இதை ‘கோஸ்ட் பிரின்ட்’ என்பார்கள். முதல் பிரதியைவிட இந்தப் பேய்தான் அழகு என்பது என் கட்சி.

இலையை அச்சடிப்பது புதுசு என்று நினைத்தீர்களா? 1730களில் பெஞ்சமின் பிராங்க்ளின் கள்ளநோட்டைத் தடுக்கவே பணத்தாளில் இலை நரம்பைப் பதித்தார். எந்தக் கள்ளனால் அதைப் போலிசெய்ய முடியும்? நம் சென்னையிலேயே 1857-ல் ஹென்றி ஸ்மித் செடிகளை நேரடியாக அச்சாக்கித் தொகுப்பு வெளியிட்டார்.

ஜெல் பிளேட்டின் மூதாதையான ஜெலட்டின் தட்டுக்கும் பூர்வகதை உண்டு. ஜெராக்ஸ் வருமுன் அலுவலகங்களில் ‘ஹெக்டோகிராஃப்’ என்ற நகலெடுப்பு முறை இருந்தது. மையால் எழுதிய தாளை ஜெலட்டின் தட்டில் ஒற்றி, அதன்மேல் தாள் தாளாக வைத்து எடுத்தார்கள். தட்டில் மையைத் துடைத்துப் படமாக்கும் வித்தையும் பழசுதான். ஓவியர் தெகா 1870களில் கந்தலாலும் விரலாலும் உலோகத் தகட்டில் மையைத் துடைத்தே படம் வரைந்தார். அப்போது அவருக்கு நம் சீப்பு கிடைக்கவில்லை!

ஜெலட்டின், கிளிசரின், தண்ணீர் கலந்து வீட்டிலேயே பிளேட் வார்க்கலாம். ஆனால் வெயிலில் வைத்தால் இளகிவிடும். கடைப் பிளேட்டுக்கு அந்தக் கவலை இல்லை. இலை தேடி லால்பாக் பூங்கா பக்கம் போனால் மரத்தில் கைவைக்காதீர்கள். உதிர்ந்து கிடப்பதை மட்டும் பொறுக்குங்கள்.